பஞ்சாமிர்தம் நீர்க்கிறதா, புளிக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் குழு ஒன்றுக்குப் பல ஆண்டுகளாகத் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பஞ்சாமிர்தம் பிசைந்து தருகிறேன். திருவிழா நெருங்கும்போது தெரிந்தவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வரும். "நீர் விட்டுக்கொண்டு நிற்கிறது", "மறுநாளே புளித்துவிட்டது", "கறுத்துப் போயிற்று". பதில்களும் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் பாத்திரத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும், பழத்தையோ பாத்திரத்தையோ மாற்ற வேண்டிய காரணம் கடைசியிலும் இருக்கும்.

அடுப்பே இல்லாத பண்டம் என்பதால் இதை எளிது என்று நினைக்கிறார்கள். அடுப்பில் வைத்தால் ஈரம் வற்றும், கிருமி சாகும். இங்கே இரண்டும் நடப்பதில்லை. கையிலும் கரண்டியிலும் இருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கடைசிவரை உள்ளேயே இருக்கும். என்னிடம் வந்த பழுதுகளில் பெரும்பாலானவை அந்தச் சொட்டில் தொடங்கியவை. பழனி தேவஸ்தானத்தின் பஞ்சாமிர்தத்தில் தண்ணீர் துளியும் சேர்ப்பதில்லை. கெடாமல் இருக்க மருந்தும் சேர்ப்பதில்லை. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டில் பிசையும்போதும் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தத் தண்ணீர் சேர்க்காத ஒழுங்கைத்தான்.

## ஒப்பிட்டுப் பார்க்க என் அளவு

தோல் உரித்த வாழைப்பழம் 1 கிலோ. விதை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், டைமண்ட் கல்கண்டு 100 கிராம், உலர் திராட்சை 50 கிராம், பசு நெய் 100 மில்லி, தேன் 100 மில்லி, ஏலக்காய் 10. நாட்டுச் சர்க்கரை மட்டும் எத்தனை நாள் வைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அன்றே தீர்ந்துவிடும் என்றால் 400 கிராம் போதும். இரண்டு மூன்று நாள் இருக்க வேண்டுமானால் பழத்தின் எடைக்குச் சமமாக 1 கிலோ போடுங்கள்.

முதலில் பழத்தைப் பிசைய வேண்டும். பிறகு சர்க்கரை, அது கரைந்ததும் பேரீச்சையும் திராட்சையும், அதன்பின் தேன், நெய். கல்கண்டும் ஏலப்பொடியும் கடைசியில். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பது கீழே அந்தந்த இடத்தில் வரும்.

## அறிகுறி 1: நீர் விட்டுக்கொண்டு நிற்கிறது

முதலில் ஒரு சோதனை. உலர்ந்த தட்டில் ஒரு கரண்டி வைத்து, தட்டைச் சற்றுச் சாய்த்து இரண்டு நிமிடம் விடுங்கள்.

### விழுது முழுவதும் ஒன்றாக மெல்ல இறங்குகிறது, தனி நீர் இல்லை

இது பழுதே இல்லை. சர்க்கரை கரைந்த புதிதில் எல்லாப் பஞ்சாமிர்தமும் தளர்வாகத்தான் தெரியும். பேரீச்சையும் திராட்சையும் ஊறி அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ள இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். மூடி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். இந்த நேரத்தில் பயந்துபோய் மேலும் சர்க்கரை கொட்டியவர்கள்தான் பிறகு திகட்டுகிறது என்று கேட்டு வருகிறார்கள்.

### விழுதைச் சுற்றி நீர் வளையம் பிரிகிறது

கீழ்க்கண்டவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

பாத்திரம், கரண்டி, கை. கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரம் உலர்ந்த பாத்திரம் ஆகாது. விளிம்பின் மடிப்பில் தண்ணீர் தங்கியிருக்கும். துணியால் துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் காய வைக்க வேண்டும். வளையல், மோதிரம் போட்டுக்கொண்டு பிசைந்தால் அதன் இடுக்கு ஈரமும் உள்ளே போகும்.

உலர் திராட்சை. யாருமே சந்தேகப்படாத இடம் இது. திராட்சையைக் கழுவி, வடிகட்டி, அப்படியே போட்டுவிடுகிறார்கள். சுருங்கிய தோலின் மடிப்புகளில் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். கழுவுவதானால் முந்தைய நாளே கழுவி, துணியில் பரப்பிக் காய வையுங்கள். பேரீச்சைக்கும் இதேதான்.

சாறுள்ள பழங்கள். அழகுக்காக மாதுளை, பச்சைத் திராட்சை, ஆப்பிள், ஆரஞ்சு என்று சேர்ப்பவர்கள் உண்டு. சர்க்கரை பட்டவுடன் இவை சாற்றைக் கக்கிவிடும். பரிமாறும் நேரத்தில் மேலே தூவலாம். முன்கூட்டியே கலக்க வேண்டாம்.

வெல்லம் கரைத்த தண்ணீர். வெல்லத்தில் மண் இருக்கிறது என்று தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அந்தக் கரைசலையே ஊற்றிவிட்டீர்களானால் நீர்த்துப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். நாட்டுச் சர்க்கரை என்றால் சலித்தாலே போதும். வெல்லம்தான் கிடைத்தது என்றால், கரைத்து வடிகட்டியதை அடுப்பில் வைத்துக் கம்பிப் பாகுக்குக் கொண்டுவந்து, முழுவதும் ஆறிய பின்பே பழத்தில் சேர்க்க வேண்டும்.

கடைசியாகப் பழத்தின் இனம். மோரிஸ், ரோபஸ்டா என்று விற்கும் பெரிய பழங்களில் நீர் அதிகம். அவற்றை வைத்து எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கெட்டிப்படாது. விருப்பாச்சி மலைவாழையும் சிறுமலை வாழையும் பெயர் பெற்றது அவற்றில் நீர்ப்பசை குறைவு என்பதால்தான். இரண்டுக்குமே புவிசார் குறியீடு உண்டு. மலைவாழைப் பழத்தின் தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே சதை அழுகாமல் திடமாக இருக்கும். தோலைப் பார்த்து அதை ஒதுக்கிவிடாதீர்கள். அது கிடைக்காதபோது நான் கற்பூரவள்ளியும் பூவனும் கலந்து எடுக்கிறேன்.

### இப்போதே சரிசெய்ய

மேலே தேங்கிய நீரைச் சாய்த்து வடித்துவிடுங்கள். 100 கிராம் பேரீச்சையை மைய நசுக்கிச் சேர்த்து, இரண்டு மணி நேரம் விடுங்கள். கெட்டிப்படும். ஆனால் நீர் விட்ட பஞ்சாமிர்தத்தை எப்படிச் சரிசெய்தாலும் அன்றே தீர்த்துவிட வேண்டும். பார்வைக்குக் கெட்டியாகிவிட்டதால் நாளைக்கும் தாங்கும் என்று நம்பி வைக்காதீர்கள்.

## அறிகுறி 2: புளிப்பு, நுரை, கள் வாடை

அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் மனம் நோவதும் இதில்தான். தை மாதத்தில் இந்தப் புகார் அபூர்வம். பங்குனி வெயிலில் தினமும் வரும். அளவு ஒன்றே, கை ஒன்றே, வெயில் வேறு.

உறுதியாகத் தெரியாவிட்டால் இப்படிச் சோதியுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் பாதி அளவு போட்டு, மேல்மட்டத்தில் பேனாவால் கோடு கிழித்து, மூடியைத் தளர்வாக வையுங்கள். நான்கு மணி நேரம் கழித்து மட்டம் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தாலோ, பக்கவாட்டில் சின்னச் சின்னக் குமிழிகள் தெரிந்தாலோ, புளிக்கத் தொடங்கிவிட்டது. பிசைந்த உடன் தெரியும் காற்றுக் குமிழியைக் கண்டு குழம்ப வேண்டாம். அது ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். புளிப்பின் குமிழி நேரம் ஆக ஆகக் கூடும்.

### ஒரே நாளில் புளித்தது

ஈரம்தான் முதல் சந்தேகம். அறிகுறி 1-ல் சொன்ன பட்டியலை முழுவதும் பாருங்கள்.

ஈரம் இல்லையென்றால் பழத்தைப் பாருங்கள். ஒரு சீப்பில் இரண்டு பழம் வெடித்துக் கசிந்திருந்தால், "நசுக்கத்தானே போகிறோம்" என்று அதையும் போட்டுவிடுவது வழக்கம். வெடித்த இடத்தில் புளிப்பு ஏற்கெனவே குடிவந்துவிட்டது. பத்துக் கிலோ விழுதுக்கு அந்த ஒரு பழமே உறை மோர் போல வேலை செய்யும். ஒவ்வொன்றையும் உரித்ததும் முகர்ந்து பாருங்கள். காம்புப் பக்கம் கூழாகி இருந்தால் அந்தப் பழத்தை முழுவதும் ஒதுக்குங்கள். அந்தப் பகுதியை மட்டும் கிள்ளிப் போட்டால் போதாது.

அடுத்தது தேன். நல்ல தேன் கரண்டியிலிருந்து நூலாக இறங்கி, தட்டில் சற்று நேரம் மேடாக நிற்கும். தண்ணீராக ஓடி உடனே பரவினாலோ, பாட்டிலைத் திறக்கும்போதே புளித்த வாடை வந்தாலோ, அந்தத் தேனைச் சேர்க்காதீர்கள். தேனே இல்லாமல் செய்தாலும் பழுதில்லை.

### இரண்டாம், மூன்றாம் நாள் புளித்தது

சர்க்கரை அளவு. உடம்புக்கு நல்லது என்று பாதியாகக் குறைத்துவிட்டு, ஒரு வாரம் வைத்திருக்க நினைத்தால் நடக்காது. இதில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, காவலுக்கும்தான். குறைவாகப் போட வேண்டுமென்றால் குறைவாகவே செய்து அன்றே கொடுத்துவிடுங்கள். சர்க்கரையைக் குறைப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. குறைத்துவிட்டு வைத்திருப்பதுதான் ஆபத்து.

வைக்கும் இடமும் முக்கியம். சமையலறை அலமாரி, அடுப்புக்கு அருகில் உள்ள மேடை, பயணத்தில் காரின் பின்பக்கம், இவை மூன்றும் கூடாது. வெயில் காலத்தில் பிசைந்த அன்றே குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

### ஒரு டப்பா மட்டும் புளித்தது, மற்றவை நன்றாக இருக்கின்றன

அந்த டப்பாவில்தான் கோளாறு. ஊறுகாய் வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பா எத்தனை கழுவினாலும் மூடியின் வளையத்துக்குள் பழையது ஒட்டியிருக்கும். அல்லது அந்த டப்பாவில் மட்டும் யாரோ வாய் வைத்த கரண்டியைப் போட்டிருக்கிறார்கள். டப்பாவை விளிம்புவரை நிரப்பாமல் இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். மூடி உப்பியிருந்தால் முகத்துக்கு நேராகத் திறக்காதீர்கள். துணி போட்டு மூடி, மெல்லத் தளர்த்தி, அப்படியே கொட்டிவிடுங்கள்.

### எல்லாம் சரியாகச் செய்தும் மாலைக்குள் புளித்தது

அபிஷேகத்துக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கினீர்களா? அபிஷேகத்தில் பாலும் தண்ணீரும் கலந்திருக்கும். அது பிசைந்த பண்டத்தைப் போல நாள் தாங்காது. சில வீடுகளில் பால், தயிர், நெய், தேன், சர்க்கரை என்ற ஐந்தையும் கலந்து அதையும் பஞ்சாமிர்தம் என்றே சொல்வார்கள். பழத்தோடு தயிரும் சேர்ந்துவிட்டால் மாலைக்குள் தீர்த்துவிட வேண்டியதுதான். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதை அபிஷேகத்துக்கு முன்பே தனியே எடுத்து வைத்து நைவேத்தியமாகக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

### புளித்ததைக் காப்பாற்ற முடியுமா

முடியாது. மேலும் சர்க்கரை போட்டால் வாடை மறையும். உள்ளே இருப்பது மறையாது. குளிர்பதனப் பெட்டி மேலும் புளிப்பதைத் தாமதப்படுத்துமே தவிர, புளித்ததைத் திருப்பாது. சாமிக்கென்று செய்ததைக் கொட்ட மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிரசாதம் என்று சொன்னால் யாரும் முகராமல், கேள்வி கேட்காமல் வாயில் போட்டுக்கொள்வார்கள். அந்த நம்பிக்கைக்காகவாவது கொட்டிவிட வேண்டும். தென்னையடியில் பள்ளம் தோண்டிப் புதைத்துவிடுங்கள். மாட்டுத் தொட்டியில் கொட்டாதீர்கள். இவ்வளவு இனிப்பும் புளிப்பும் ஒரே நேரத்தில் போனால் மாட்டின் வயிறு உப்பிவிடும்.

## அறிகுறி 3: நிறம் கறுத்துவிட்டது

### மேல் ஏடு மட்டும் கறுப்பு, கிளறினால் உள்ளே பழுப்பு

காற்றுப் பட்டது. கெடவில்லை. பழத்தை உரித்து வைத்துவிட்டுச் சர்க்கரையைத் தேடப் போனால் இப்படி ஆகும். எல்லாவற்றையும் அளந்து எடுத்து வைத்துவிட்டுப் பழத்தை உரிக்கத் தொடங்குங்கள். நெய்யில் ஒரு கரண்டியைப் பிடித்து வைத்திருந்து, எல்லாம் முடிந்தபின் மேலே பரவலாக ஊற்றினால் அது மூடி போல நிற்கும்.

### முழுவதும் கருஞ்சிவப்பு

நாட்டுச் சர்க்கரையின் நிறம். நல்ல அறிகுறி. பளபளவென்ற மஞ்சள் சர்க்கரையில் செய்து பழகியவர்களுக்குத்தான் இது பழுதாகத் தெரியும். வெல்லத்தை வெளுக்க வைப்பதற்கு ரசாயனம் சேர்ப்பவர்கள் உண்டு. நான் மங்கலான பழுப்பு நிறத்தையே தேடி எடுக்கிறேன். பழனி கோயிலுக்கு ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலிருந்து நாட்டுச் சர்க்கரை போகிறது. அந்தப் பக்கத்துச் சர்க்கரையின் நிறத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் மஞ்சள் மேல் ஆசை போய்விடும்.

### ஓரங்களில் பச்சை, அல்லது நாக்கில் உலோகச் சுவை

நிறுத்துங்கள். ருசி பார்ப்பதையும் நிறுத்துங்கள். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் ஈயப் பூச்சு தேய்ந்து, களிம்பு ஏறியிருக்கிறது. வெள்ளைத் துணியால் பாத்திரத்தின் உள்பக்கம் அழுத்தித் துடையுங்கள். துணியில் பச்சையோ நீலமோ ஒட்டினால் ஐயமே இல்லை. வடிகட்டியோ கிளறியோ இதைச் சரிசெய்ய முடியாது. முழுவதையும் கொட்ட வேண்டும். பாட்டி காலத்துப் பித்தளை உருளியில்தான் பிசைய வேண்டும் என்ற ஆசை இருந்தால், திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஈயம் பூசுபவரிடம் கொடுத்துப் பூசி வாங்குங்கள். இந்த வேலையை வீட்டில் முயல வேண்டாம். நேரம் இல்லையென்றால் எவர்சில்வர் பாத்திரம் போதும்.

## அறிகுறி 4: துவர்க்கிறது, கசக்கிறது

துவர்ப்பும் கசப்பும் வேறு வேறு. முதலில் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

### துவர்ப்பு (நாக்கு இழுக்கிறது)

பழம் பழுக்கவில்லை. அவசரமாகப் பழுக்க வைத்த தாரில் தோல் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும், காம்பு பச்சையாக இருக்கும், உள்ளே சதை விறைத்திருக்கும். இதற்குப் பொறுமையைத் தவிர வேறு மருந்து இல்லை. திருவிழாவுக்கு நான்கைந்து நாள் முன்பே தாராக வாங்கித் தொங்கவிட்டு, தோலில் கறுப்புப் புள்ளி விழுந்தபின் பிசையுங்கள். ஏற்கெனவே பிசைந்துவிட்டால், ஆறேழு மணி நேரம் ஊறவிட்டுப் பாருங்கள். பேரீச்சையும் நெய்யும் கூடினால் ஓரளவு அடங்கும். முழுவதும் போகாது.

ரஸ்தாளியில் இன்னொரு தொல்லை உண்டு. பழம் நன்றாகக் கனிந்திருந்தாலும் உள்ளே ஆங்காங்கே கல் போலக் கட்டி இருக்கும். அந்தக் கட்டி எத்தனை நாள் வைத்தாலும் கனியாது. பிசையும்போது விரலில் தட்டுபவற்றை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

### கசப்பு

ஏலக்காயைத் தோலோடு அரைத்துப் போட்டீர்களா? நெய் பழையதா, அல்லது காய்ச்சும்போது அடிப்பிடித்ததா? இரண்டையும் தனித்தனியே நாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது பச்சைக் கற்பூரம். மணத்துக்காகச் சேர்ப்பவர்கள் கடுகளவுக்கு மேல் போனால் கசக்கும், தொண்டை எரியும். அதே அளவு பழமும் சர்க்கரையும் மேலும் பிசைந்து கலந்து கூட்டினால் அடங்கும். ஆனால் போட்டது பச்சைக் கற்பூரம்தானா என்று டப்பாவை எடுத்துப் பாருங்கள். பூசை அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆரத்திக்கு ஏற்றும் சூடம் நஞ்சு. கொஞ்சமே வயிற்றுக்குள் போனாலும் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். சூடம் கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே முழுவதையும் கொட்டிவிடுங்கள். யாராவது சாப்பிட்டிருந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

## அறிகுறி 5: பல்லில் நறநறக்கிறது

நறநறப்பு நாக்கில் கரைகிறதா, கரையவில்லையா? கரைந்தால் கல்கண்டு அல்லது கரையாத சர்க்கரை. ஒன்றும் செய்ய வேண்டாம். கல்கண்டு கடிபட வேண்டும் என்பதற்காகத்தான் அதைக் கடைசியில் சேர்க்கிறோம். பெரிய கல்கண்டை உடைத்துப் போடுவது மட்டும் வேண்டாம், பல் போய்விடும். டைமண்ட் கல்கண்டு போதும்.

கரையாவிட்டால் மண். பிசைந்தபின் இதை நீக்க வழியே இல்லை. அதனால் சோதனையை முன்பே செய்துவிடுங்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒரு கரண்டி நாட்டுச் சர்க்கரையைக் கரைத்து, பத்து நிமிடம் அசையாமல் வைத்து அடியைப் பாருங்கள். லேசான கலங்கல் இருக்கும், அது பரவாயில்லை. விரலில் உருளும் மணல் இருந்தால் அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள்.

பேரீச்சையில் விதை நீக்கியது என்று அச்சிட்டிருந்தாலும் ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். விதைத் துண்டு மட்டும் இல்லை, பூச்சியும் உள்ளே இருக்கக்கூடும். சலிப்பான வேலைதான். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்தால் ஐந்து கிலோ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

## அறிகுறி 6: பதம் சரியில்லை

கூழாக, வழவழவென்று இருக்கிறது என்றால் மிக்சியில் அடித்திருக்கிறீர்கள். மிக்சி பழத்தைச் சூடாக்கும், காற்றை அடைக்கும், நாரை அறுத்துவிடும். குழந்தை உணவு போல ஆகிவிடும். இதைத் திருப்ப முடியாது. நறுக்கிய பேரீச்சையும் கல்கண்டும் கூட்டிப் போட்டால் வாய்க்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும். அடுத்த முறை கையால் பிசையுங்கள், இல்லையென்றால் கீரை மத்தால் மசியுங்கள்.

கட்டி கட்டியாக இருந்தால், சர்க்கரையைப் போட்டபின் பழத்தைப் பிசைந்திருப்பீர்கள். சர்க்கரை பட்டதும் பழத்துண்டு விறைத்துக்கொள்ளும், பிறகு விரலில் வழுக்கும். அந்தக் கட்டிகளை மட்டும் தனியே எடுத்து நசுக்கிச் சேருங்கள்.

## அறிகுறி 7: நெய் பிரிகிறது

### மேலே எண்ணெயாக மிதக்கிறது

உருக்கிய நெய்யைச் சூட்டோடு ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது மொத்தமாக ஒரே தடவையில் ஊற்றியிருக்கிறீர்கள். தேன் முதலில் கலந்து, பிறகு கைச்சூட்டுக்கு ஆறிய நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறினால் பிடித்துக்கொள்ளும். மிதப்பதை வடித்து எடுத்து, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் போதும்.

### வெள்ளைப் புள்ளிகளாக உறைந்திருக்கிறது

தைப்பூசக் குளிரின் வேலை. முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பூஞ்சை என்று பதறுவார்கள். ஒரு புள்ளியை எடுத்து விரல்களுக்கு இடையில் தேயுங்கள். உருகி வழவழத்தால் நெய். உருகாமல், நூல் நூலாகப் பஞ்சு போல இருந்தால் பூஞ்சை. நெய்யானால் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்தெடுங்கள். தண்ணீர் உள்ளே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூஞ்சையானால் மேலே இருப்பதை வழித்துவிட்டுக் கீழே இருப்பதைச் சாப்பிடும் எண்ணமே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் அது உள்ளே இறங்கியிருக்கும்.

## அறிகுறி 8: திகட்டுகிறது

பழம் கூட்டுங்கள். கூட்டிய அன்றே தீருங்கள். திகட்டலுக்கு எலுமிச்சை பிழியச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள், அதுவும் ஈரம்தான்.

## எப்போது தெரிந்தவரை அழைக்க வேண்டும்

இருபது முப்பது கிலோ வரை வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து பிசையலாம். அதற்கு மேல் போனால் பழத்தை உரித்து முடிப்பதற்குள் முதலில் உரித்தது கறுத்துவிடும், அடியில் இருப்பது கலக்காமல் நிற்கும். எடப்பாடிப் பக்தர்கள் தைப்பூசத்துக்குப் பின் பழனி மலைமேலேயே தங்கி டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்கிறார்கள். அது தலைமுறை தலைமுறையாக வேலையைப் பங்கிட்டுப் பழகிய கூட்டம். அந்தப் பழக்கம் இல்லாத குழுக்கள் நூறு கிலோவை முதல் முறையாகத் தொடும்போது, கோயில் பிரசாதம் செய்து கைதேர்ந்த சமையல்காரர் ஒருவரை அழைத்து வைத்துக்கொள்ளுங்கள். பழம் வாங்கும் நாளிலேயே அவர் உடன் இருக்க வேண்டும். பிசையும் நாளில் வந்தால், வாங்கிய பழத்தை வைத்து அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரே இடத்தில், ஒரே சர்க்கரையில், கவனமாகச் செய்தும் மூன்று முறை தொடர்ந்து புளித்தால் சர்க்கரையிலோ தேனிலோ கலப்படம் இருக்கலாம். மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் மாதிரியைக் கொடுத்துச் சோதிக்க வழி இருக்கிறது. விற்பதாக இருந்தால் முதல் டப்பாவை விற்பதற்கு முன்பே அந்தத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்கு மேல் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் விநியோகத்தை அந்த நொடியே நிறுத்துங்கள். மீதி இருப்பதில் ஒரு கிண்ணம் மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மயக்கம் இருந்தால் 108-ஐ அழையுங்கள். எதனால் வந்தது என்று மருத்துவரும் அதிகாரிகளும் கண்டுபிடிக்க அந்தக் கிண்ணம் உதவும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு, எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், தேன் சேர்ந்த பஞ்சாமிர்தத்தை விரலில் தொட்டுக்கூட நாக்கில் வைக்காதீர்கள். நீரிழிவு உள்ள பெரியவர்கள் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதை அவர்களுடைய மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளட்டும். வரிசையில் நின்று கை நீட்டுபவர்களுக்கு நான் சிறு கரண்டியால்தான் கொடுக்கிறேன். இன்னும் வேண்டும் என்பவர்கள் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.